கூரைக்கு மேல் ஒரு கூரை: கும்பகோணத்து மெத்தை வீடு ஒன்றின் தளத்தை மழைக்காலத்தில் மாற்றிய நிகழ்வு

பின்னணி

கும்பகோணத்தில் நூறு ஆண்டுகளை நெருங்கும் மெத்தை வீடு ஒன்றின் மாடித் தளத்தை மாற்றிக் கட்டிய பணியைப் பற்றிய பதிவு இது. வீட்டின் உரிமையாளர் ஓய்வு பெற்ற ஆசிரியை; எண்பதைக் கடந்த அவருடைய தாயார் கீழ்த்தளத்தின் பின்கட்டில் வசிக்கிறார். பணியை ஏற்றவர் உள்ளூர் ஒப்பந்தக்காரர். சுண்ணாம்பு வேலையில் நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள கொத்தனார் ஒருவர் தளத்தைப் பார்த்துக்கொண்டார். கட்டமைப்புப் பொறியாளர் என்ற முறையில் நான் ஆலோசகராக இருந்தேன். யார் பெயரும் இங்கே தேவையில்லை.

முன்கட்டின் மாடி 12 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. கூரை மெட்ராஸ் டெரஸ் முறையில் போடப்பட்டது. தேக்கு உத்திரங்களின் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கட்டைகளைப் பரப்பி, மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் ஏறத்தாழ 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு எனப்படும் தட்டையான ஓட்டைப் பதிக்கும் முறை அது. இந்தத் தளத்துக்குச் சிமெண்டைப்போல ஒரே நாளில் இறுகும் குணம் கிடையாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கியே சுண்ணாம்பு கல்லாகிறது. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். அதுவரை அதற்கு ஈரப்பதம் வேண்டும், ஆனால் அடித்துப் பெய்யும் மழை கூடாது. இந்தப் பணியின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு நிபந்தனையில் அடங்கியிருந்தது.

பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் முடிப்பது என்பதே முதல் திட்டம். டெரஸுக்குரிய சிறு செங்கல்லை அறுத்துச் சுடும் காளவாய்கள் இப்போது மிகக் குறைவு. கல் வந்து சேர ஆவணி பாதியாகிவிட்டது. அந்த நிலையில் பணியைத் தைக்குத் தள்ளியிருக்கலாம். ஆனால் வடக்கு ஓரத்துக் குறுக்குக் கட்டைகளில் மூன்றைக் கரையான் அரித்திருந்தது. அவற்றுக்குக் கீழே சவுக்கு முட்டுக் கொடுத்துத்தான் வீட்டில் குடியிருந்தார்கள். இன்னொரு மழைக்காலத்தை அந்த முட்டுகளை நம்பிக் கழிக்க உரிமையாளருக்கு மனம் வரவில்லை. தளத்தை வடக்கிலிருந்து 4 மீட்டர் அகலமுள்ள மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் திறப்பது என்று தீர்மானித்து, ஆவணிக் கடைசியில் தொடங்க நானும் ஒப்புக்கொண்டேன்.

முதல் ஏற்பாடும் அது தவறிய இரவும்

திறந்த பகுதிக்கு மேலே சவுக்குக் கழிகளை நட்டுத் தார்ப்பாய் கட்டுவது ஒப்பந்தக்காரரின் வழக்கம். மதிப்பீட்டிலும் 'மழைப் பாதுகாப்புக்குத் தார்ப்பாய்' என்று ஒரே வரிதான் இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டவன் நான். கழிகளுக்கு அடியில் என்ன இருக்கிறது, தார்ப்பாயின் சரிவு எவ்வளவு, விழும் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

புரட்டாசி இரண்டாம் வாரத்தில், நள்ளிரவுக்குப் பிறகு இடியோடு மழை கொட்டியது. அப்போது வடக்குப் பகுதியில் பழைய தளம் முழுவதும் எடுக்கப்பட்டு, புதிய குறுக்குக் கட்டைகள் போடப்பட்டு, பாதிக்குச் செங்கல் அடுக்கப்பட்டிருந்தது. சாந்து வைத்து நான்கு நாட்களே ஆகியிருந்தன. தார்ப்பாய் ஏறத்தாழ மட்டமாகவே கட்டப்பட்டிருந்ததால் நடுவில் தொய்ந்து குளம்போலத் தண்ணீரைத் தாங்கியது. தொய்வின் அளவைப் பிற்பாடு கயிற்றின் தடத்தை வைத்துக் கணக்கிட்டோம்: 3 மீட்டருக்கு 3 மீட்டர் பரப்பில் சராசரியாக 12 சென்டிமீட்டர் தண்ணீர். அது ஒரு டன்னுக்குச் சற்று மேல். இரண்டு கழிகள் முறிந்து, அந்தத் தண்ணீர் அத்தனையும் ஒரே வீச்சில் புதிய செங்கல் வரிசையின் மேல் கொட்டியது. மாடிக் கூடத்தில் அந்த நேரத்தில் யாரும் படுத்திருக்கவில்லை. அது ஒன்றுதான் அந்த இரவில் நல்லதாக நடந்தது.

பார்த்தவை

காலை ஆறு மணிக்கு நான் போனபோது கூடத்துச் சுவரில் சுண்ணாம்பு பால்போல வழிந்து, மாடிப்படியின் கடைசிக் கல் வரை வெள்ளைத் தடம் போட்டிருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் செங்கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் இடையில் இருந்த சாந்து போய்விட்டது. கொத்தனார் ஒரு கல்லை இரண்டு விரலால் அசைத்துப் பிடுங்கி, அதன் விளிம்பில் ஒட்டியிருந்த மணலை என் உள்ளங்கையில் உதிர்த்தார். "சுண்ணாம்பு ஓடிப்போச்சு சார், மணல்தான் நிக்குது" என்றார்.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். அதன் பொருள் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. வடமேற்கு மூலையில் உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில், சுவரின் பொந்துக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. வெளியே தெரிந்த மரத்தைத் துடைத்து உலர்த்தினோம். சுவருக்குள் இருந்த ஒன்பது அங்குலத்தை நாங்கள் பார்க்கவில்லை.

தார்ப்பாய்க் கழிகளில் நான்கு, திறக்காத பழைய தளத்தின் மேலேயே ஊன்றப்பட்டிருந்தன. அவை நின்ற இடங்களில் தட்டோடு நொறுங்கி, கீழே சுண்ணாம்பு ஜல்லியில் பள்ளம் விழுந்திருந்தது. பாதுகாப்பதற்காகப் போட்ட கூரை, பாதுகாக்க வேண்டிய கட்டடத்தின் மேலேயே தன் எடையை இறக்கிக்கொண்டிருந்தது.

இருந்த வழிகள்

அன்று மாலை கூடத்தில் உட்கார்ந்து நான்கு வழிகளைப் பேசினோம்.

பணியை நிறுத்தி, திறந்த பகுதியைப் பாலிதீன் தாளால் மூடி, தை வரை காத்திருக்கலாம் என்றார் ஒப்பந்தக்காரர். செலவு குறைவுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் இனிமேல்தான் வரவேண்டும். மூச்சு விடாத பாலிதீனுக்கு அடியில் புதிய தேக்குக் கட்டைகள் நான்கு மாதம் புழுங்கிக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்; மூடிய தாளை ஒரு காற்று கிழித்தால் அடியில் மாடிக் கூடம் இருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை.

தார்ப்பாயையே இன்னும் சரிவாக, இறுக்கமாகக் கட்டலாம் என்ற யோசனையும் வந்தது. கழியை ஊன்ற வலுவான இடம் மாடியில் இல்லாததால் அது நிற்கவில்லை.

கொத்தனார் கீற்றுக் கொட்டகை போடலாம் என்றார். அது வெறும் பழைய பழக்கம் என்று தள்ளிவிடக்கூடிய யோசனை அன்று. சுண்ணாம்பு வேலைக்கு மேலே கீற்றுப் பந்தல் போட்டு நிழலும் குளிர்ச்சியும் கொடுப்பது இந்தப் பகுதியின் நல்ல வழக்கம். சுண்ணாம்பு மெதுவாக உலர அதைவிடப் பொருத்தமான கூரை கிடையாது. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 பள்ளிக் குழந்தைகளை இழந்த ஊர் இது. முதியவர் ஒருவர் படுத்திருக்கும் வீட்டின் மேல், இரண்டு பக்கமும் வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில், அத்தனை சதுர மீட்டர் கீற்றை நிறுத்த அங்கே இருந்த ஒருவருக்கும் மனமில்லை. கொத்தனாரே சற்று நேரத்தில், "வேண்டாம் டீச்சரம்மா, நானே சொல்லிட்டு நானே வேண்டாங்கறேன்" என்று கைவிட்டார்.

நான்காவது வழி, வீட்டைச் சுற்றித் தரையிலிருந்து இரும்புக் குழாய்ச் சாரம் எழுப்பி, அதன் மேல் தகடு வேய்ந்த முழுக் கூரை போடுவது. மாடியின் மூன்று பகுதிகளையும் அது ஒன்றாக மூடும். எடை எதுவும் பழைய சுவரிலோ தளத்திலோ இறங்காது. இதற்கு ஆன செலவு மொத்தப் பணி மதிப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. உரிமையாளர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். மூன்றாம் நாள், பின்கட்டு ஓடுகளைப் புதுப்பிப்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து அந்தப் பணத்தை இதற்கு ஒதுக்குவதாகச் சொன்னார். அந்த முடிவின் பாரம் எனக்குத் தெரியும். அவர் அதைத் தாங்க நேர்ந்ததில் என் கையெழுத்துக்கும் பங்கு உண்டு.

கணக்கு

மழையைத் தடுக்கும் கூரையை வடிவமைக்கும்போது மழையைவிடக் காற்றே பெரிய கேள்வி. பக்கங்கள் திறந்த தகட்டுக் கூரையைக் காற்று கீழே அழுத்துவதைவிட மேலே தூக்கத்தான் பார்க்கும். காற்று விசைக்கான இந்தியத் தர நெறி, ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி, திருச்சிராப்பள்ளிக்கு வினாடிக்கு 47 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர் என்று அடிப்படைக் காற்று வேகங்களைத் தருகிறது. கும்பகோணம் திருச்சியைவிடக் கடலுக்கு அருகில் இருப்பதால் 50-ஐ எடுத்துக்கொண்டோம். கட்டுமானத்தின்போது நிற்கும் தற்காலிக அமைப்புகளுக்கு நெறி அனுமதிக்கும் குறைப்பைச் சேர்த்தால் வேகம் 35 ஆகிறது. வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 735 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மீட்டர் நீட்டியதால் கூரையின் பரப்பு 14 மீட்டருக்கு 11 மீட்டர், 154 சதுர மீட்டர். மேல்நோக்கிய விசை ஏறத்தாழ பதினொன்றரை டன். ஒன்றரை மடங்கு காப்பு வைத்தால் 17 டன்னுக்குச் சற்று மேல். குழாய், ட்ரஸ் எனப்படும் கூரை தாங்கும் இரும்புச் சட்டங்கள், தகடு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை டன். மீதி 12 டன்னை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

இந்த எண்ணைச் சொன்னபோது ஒப்பந்தக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மேலிருந்து ஒன்றும் விழக்கூடாது என்று போடும் கூரையைக் கீழே பிடித்து வைக்க 12 டன் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த மறுநாள், தம் ஊரில் தகடுகள் தென்னை மட்டைகளோடு சேர்ந்து வயலில் கிடந்ததை, சாரம் கட்ட அமர்த்திய சாரக்காரர் எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

பழைய சுவரில் போல்ட் அடித்துக் கட்டுவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்திருந்தோம். சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவர் எடையைத் தாங்கும், பிடுங்கும் இழுப்பைத் தாங்காது. ஆகவே 28 கால்களுக்கும் 60 சென்டிமீட்டர் சதுரமும் 50 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கான்கிரீட் கட்டிகளைத் தனித்தனியே வார்த்தோம். ஒன்று 430 கிலோவுக்குச் சற்று மேல். மூலைகளில் காற்றின் இழுப்பு அதிகம் என்பதால் நான்கு மூலைக் கால்களுக்கும் இரண்டிரண்டு. பக்கவாட்டு அசைவுக்கு மட்டும் மாடி ஜன்னல்கள் வழியாகக் குழாயை நுழைத்து, உள்ளே குறுக்குக் குழாயால் பூட்டி, சுவரைத் தொடும் இடமெல்லாம் மரத்துண்டும் சாக்கும் வைத்தோம்.

11 மீட்டர் அகலத்தை நடுவில் கால் இல்லாமல் கடக்க எட்டு ட்ரஸ்கள் தேவைப்பட்டன. பெரிய திருமணப் பந்தல் போடுபவர் ஒருவரிடமிருந்து அவற்றை வாடகைக்கு எடுத்தோம். வேலை செய்பவர் நிமிர்ந்து நின்று கட்டை ஓங்க வேண்டும் என்பதால், ஓரத்தில்கூடத் தளத்துக்கும் தகட்டுக்கும் இடையே 2.2 மீட்டர் விட்டோம். வெளிச்சத்துக்கு நான்கு ஒளி புகும் தகடுகள் இடையிடையே வந்தன.

சாரம் எழுந்த நாட்கள்

தெருப்பக்கக் கால்களுக்கு நகராட்சி நிர்வாகத்தின் அனுமதியும், கிழக்குச் சந்துக்கு அண்டை வீட்டாரின் சம்மதமும் பெற்றோம். முன்புறம் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் கம்பி சாரத்தின் பாதையில் குறுக்கிட்டது. மின்வாரியம் அதை மாற்றித் தரும் வரை அந்தப் பக்கத்தில் ஒரு குழாயைக்கூட நிமிர்த்தக் கூடாது என்று நிறுத்திவைத்தோம். அதில் ஆறு நாட்கள் போயின. ஐந்தரை மீட்டர் நீள இரும்புத் தகட்டை மின்கம்பிக்குப் பக்கத்தில் தூக்கும் வேலையில் அந்த ஆறு நாட்களைக் குறைக்க முயல்வது பெருந்தவறு. முழுச் சாரத்துக்கும் இரண்டு இடங்களில் எர்த் கொடுத்தோம்.

தெருப்பக்கத்து மூன்றாவது காலுக்கு இடம் குறித்தபோது சாரக்காரர் கடப்பாரையால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். இரண்டு தட்டு 'டங்' என்றும் அடுத்தது 'தொம்' என்றும் கேட்டது. மண்ணைக் கீறிப் பார்த்தால் தார் பூசிய பரப்புக்கு அடியில் கைவிடப்பட்ட பழைய சாக்கடையின் கல் மூடி. என் வரைபடத்தில் அந்தச் சாக்கடை இல்லை. காலை 40 சென்டிமீட்டர் நகர்த்தி, சாக்கடையின் இரு கரையிலும் பாவும்படி தடித்த மரப்பலகையை இட்டு, அதன்மேல் கட்டியை வைத்தோம். அன்று முதல் எந்தப் பணியிலும் கால் வைக்கும் இடம் ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்காமல் நான் வரைபடத்தை இறுதி செய்வதில்லை.

தகடுகளைப் பூட்டும் முறையிலும் சாரக்காரரின் சொல்லே நின்றது. நான் திருகாணி எழுதியிருந்தேன். புயல் வந்தால் 28 தகடுகளையும் இறக்க வேண்டியிருக்குமே, நூற்றுக்கணக்கான திருகாணியை ஈரத்தில் யார் கழற்றுவது என்று கேட்டு, குழாயைக் கொக்கிபோலப் பிடிக்கும் ஜே போல்ட்டும் நட்டும் போடச் சொன்னார். தொடங்கியதிலிருந்து கூரை முழுமையாக நிற்கப் பதினெட்டு நாட்கள் ஆயின. அதற்குள் மூன்று முறை சிறுமழை வந்தது. ஒவ்வொரு முறையும் திறந்த பகுதியைச் சரிவான பலகையும் தார்ப்பாயும் வைத்துக் காத்தோம்.

கூரைக்குக் கீழே வேலை

கெட்டுப்போன செங்கல் வரிசையை எடுத்துவிட்டு மீண்டும் அடுக்கினோம். ஐப்பசி முழுவதும் மேலே மழை பெய்ய, அடியில் வேலை நடந்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுண்ணாம்பு ஜல்லியைக் கட்டையால் அடித்தார்கள். தகட்டின் மேல் மழையும் தளத்தின் மேல் கட்டையும் ஒரே நேரத்தில் ஒலித்த நாட்கள் அவை. வெயில் நேராகப் படாததால் தளம் சீராகக் காய்ந்தது. வெடிப்பே இல்லாத இப்படி ஒரு ஜல்லித் தளத்தைத் தாம் வெயில் காலத்தில்கூடப் போட்டதில்லை என்று கொத்தனார் சொன்னார்.

இரண்டு தவறுகள் இங்கே வெளிப்பட்டன.

முதலாவது என் தவறு. கூரை ஓரத்தில் தகர வாய்க்கால் வேண்டாம், தண்ணீர் சந்தில் விழட்டும் என்று விட்டிருந்தேன். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து 7,700 லிட்டர் தண்ணீர் இறங்கும். அதில் பாதி கிழக்குச் சந்தில். முதல் பெருமழையில் அது மாடிக்கும் மேலான உயரத்திலிருந்து கொட்டி, அண்டை வீட்டுச் சுவரின் பூச்சை அடிப்பகுதியில் பெயர்த்தது. சமையலறை வாசலிலும் தண்ணீர் ஏறியது. சம்மதம் தந்த மனிதரின் வீட்டுக்கே இது நேர்ந்தது. அவர் கோபமாக வந்தார். கோபத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாளே இரு ஓரங்களிலும் தகர வாய்க்கால் பொருத்தி, குழாய் வழியாகப் பின்கட்டில் மணலும் ஜல்லியும் நிரப்பிய குழிக்கும், வழிவதைத் தெருச் சாக்கடைக்கும் திருப்பினோம். அவர் சுவரைப் பணியின் செலவிலேயே பூசிக் கொடுத்தோம்.

இரண்டாவதை முன்கூட்டி யோசிக்க எனக்கு அனுபவம் போதவில்லை. மழை ஓய்ந்து வானம் வெளுத்த ஓர் இரவுக்குப் பிறகு, முந்தைய நாள் மெழுகி முடித்த சுண்ணாம்புப் பரப்பில் குன்றிமணி அளவுக் குழிகள் வரிசையாகத் தெரிந்தன. பூனை நடந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் வரிசைக்கும் வரிசைக்கும் இடையே அளந்தால் சரியாக 1.2 மீட்டர், மேலே தகட்டைத் தாங்கும் குறுக்குக் குழாய்களின் இடைவெளியும் அதுவே. ஈரச் சுண்ணாம்பிலிருந்து எழுந்த ஆவி, இரவில் குளிர்ந்த தகட்டின் அடிப்பக்கத்தில் நீராகப் படிந்து, சரிவில் வழிந்து, குழாய் தடுத்த இடத்தில் சொட்டியிருக்கிறது. சாரல் வராமல் இருக்கப் பக்கங்களையும் நாங்கள் தாழ மூடியிருந்ததால் காற்றோட்டம் இல்லை. பக்கத் தகடுகளை மேலிருந்து இரண்டு அடிக்கு வெட்டித் திறந்தோம். மழையில்லாத இரவுகளில் புதிய பரப்பின் மேல் சாக்கு விரித்து, காலை ஒன்பது மணிக்கு எடுத்தோம். அதன் பிறகு குழி விழவில்லை.

புயல் எச்சரிக்கை

கூரை 35 மீட்டர் வேகத்துக்குத்தான் கணக்கிடப்பட்டது. அதற்கு மேல் போனால் தகடுகளைக் கழற்றி, காற்றுக்குப் பிடிமானம் இல்லாத வெறும் சட்டகமாக்கிவிட வேண்டும் என்பது வடிவமைப்பின் ஒரு பகுதி. யார் முடிவெடுப்பது, எந்த எச்சரிக்கை வந்தால், எத்தனை பேர், எந்த வரிசையில், கழற்றியதை எங்கே அடுக்கி எதனால் கட்டுவது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தோம்.

கார்த்திகை முதல் வாரத்தில் வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெறலாம் என்றும், டெல்டா கரையை ஒட்டி வரலாம் என்றும் அறிவிப்பு வந்தது. தளத்தின் மூன்றாம் பகுதி அடித்து முடித்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. தகட்டை இறக்கினால் அந்தப் பகுதி நனையும்; இறக்காவிட்டால் 28 கிலோ எடையுள்ள தகடுகள் தெருவில் பறக்கலாம். ஒப்பந்தக்காரர் ஒரு நாள் பார்க்கலாம் என்றார். காற்று எழுந்த பிறகு யாரையும் கூரை மேல் ஏற்ற முடியாது என்பதால், அன்று பகல் வெளிச்சத்திலேயே இறக்கச் சொன்னேன். ஆறு பேர் நான்கு மணி நேரத்தில் எல்லாத் தகடுகளையும் இறக்கிப் பின்கட்டில் அடுக்கிக் கயிற்றால் கட்டினார்கள். புதிய தளத்தின் மேல் சாக்கு, அதன்மேல் பாலிதீன், ஓரங்களில் மணல் மூட்டை.

புயல் வடக்கே விலகிப் போனது. எங்களுக்கு வந்தது இரண்டு நாள் மிதமான மழை மட்டுமே. தகடுகளைத் திரும்ப ஏற்றி வேலை தொடங்க மொத்தம் நான்கு நாட்கள் போயின; கூலியும் போயிற்று. வீண் செலவுதானே என்று உரிமையாளரின் உறவினர் ஒருவர் கேட்டார். அதே அறிவிப்பு நாளை வந்தாலும் நான் அதே நேரத்தில் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்று பதில் சொன்னேன். இன்றும் என் கருத்து அதுதான்.

பிரித்தல்

மார்கழி கடைசியில் தட்டோடு பதித்து முடிந்தது. தை பத்து வரை கூரையை விட்டுவைத்துவிட்டுப் பிரித்தோம். ஏற்றும்போது இருந்த கவனம் இறக்கும்போது இருக்கவில்லை. வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் ஒரு குழாயைக் கயிறு கட்டாமல் கைமாற்றியபோது நழுவி, மாடியின் கைப்பிடிச் சுவரில் விழுந்து, பழைய காரைப் பூ வேலைப்பாட்டில் ஓர் அடி நீளத்தைப் பெயர்த்தது. கீழே சந்தில் ஆள் இருந்திருந்தால் இந்தப் பதிவின் தன்மையே மாறியிருக்கும். அதற்குப் பிறகு சந்தின் இரு முனையையும் அடைத்து, ஒவ்வொரு குழாயையும் கயிற்றில்தான் இறக்கினோம்.

விளைவு

அடுத்த வடகிழக்குப் பருவமழை முழுவதையும் தளம் கசிவில்லாமல் கடந்தது. வாய்க்கால் குழாய் போன குழியை உரிமையாளர் மழைநீர் இறங்கும் தொட்டியாக நிலைப்படுத்திக்கொண்டார்.

ஆனால் அந்த மழைக்கு நடுவே, வடமேற்கு மூலையில் உத்திரத்தின் ஓரத்தில் பழுப்பு நிறப் பொடி உதிர்வதாக அழைப்பு வந்தது. சுவர்ப் பொந்தைத் திறந்தோம். தார்ப்பாய் சரிந்த இரவில் உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல், நாங்கள் பார்க்காமல் விட்ட அந்த ஒன்பது அங்குலத் தேக்கை ஓராண்டில் இற்றுப்போகச் செய்திருந்தது. ஊசியை அழுத்தினால் நான்கு விரற்கடை இறங்கியது. உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, இற்ற முனையை அறுத்து, இரு பக்கமும் எஃகுத் தகடு வைத்துப் புதுத் தேக்குத் துண்டை இணைத்து, பொந்தைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விட்டு மூடினோம்.

அடுத்த முறை

பழைய தளத்தின் முதல் தட்டோட்டைப் பெயர்ப்பதற்கு முன்பே தற்காலிகக் கூரை முழுமையாக நிற்க வேண்டும். அதற்குப் பிறகு நான் ஏற்ற இரண்டு பணிகளிலும் ஒப்பந்தத்திலேயே இது நிபந்தனையாக எழுதப்பட்டது. 'மழைப் பாதுகாப்பு' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, கூரையின் வரைபடம், எடைக் கட்டிகள், நீர் வெளியேறும் பாதை, கழற்றும் ஒழுங்கு, பிரிக்கும் செலவு எல்லாம் மதிப்பீட்டில் தனித்தனியே வருகின்றன. தொகை பெரிதாகத் தெரியும். சிலர் அதைப் பார்த்துப் பின்வாங்கவும் செய்தார்கள். அந்தத் தொகையை முதலிலேயே காட்டியிருந்தால் இந்த உரிமையாளர் பணியைப் பங்குனி வரை தள்ளிவைக்கத் தீர்மானித்திருக்கலாம். அந்தத் தேர்வை அவருக்குத் தராமல் விட்டதுதான் இந்தப் பணியில் எனக்கு மிகவும் உறுத்துவது.

அண்டை வீட்டுச் சுவர்களைப் பணி தொடங்கும் முன் படமெடுத்து, அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு குறித்துக்கொள்கிறோம். தகட்டின் உச்சியில் ஆவி வெளியேற இடைவெளி விடுகிறோம். தண்ணீர் புகுந்த உத்திர முனை எதுவானாலும் சுவரைத் திறந்து, மரம் முழுவதும் உலர்ந்ததை ஊசி வைத்துப் பார்த்த பிறகே மூடுகிறோம்.